அறிவு மேலாண்மை என்றால் என்ன? ஊழியர்களின் அனுபவத்தை நிறுவனம் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது?

ஊழியர்கள் வேலையில் கற்றதைத் திரட்டி, மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்து, அடுத்த வேலையில் பயன்பட வைப்பதே அறிவு மேலாண்மை.

கையேடுகளில் இருப்பது ஒரு பகுதிதான். மிச்சம் ஆட்களின் கைப்பழக்கத்திலும் கணிப்பிலும் இருக்கிறது. அவர்கள் விலகினால் அதுவும் போய்விடும். தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி விளக்கிய இந்த உள்ளுறை அறிவு நீச்சலைப் போன்றது. எத்தனை பக்கம் படித்தாலும் தண்ணீரில் இறங்காமல் வராது. அதனால், புதியவரை அனுபவசாலியின் பக்கத்தில் வேலை செய்யவிடுவதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

எழுதக்கூடியதை எழுதியும் வைக்கலாம். ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள், கையேட்டில் இல்லாத கோளாறுகளைத் தங்களுக்குள் பேசிப் பேசியே தீர்த்துவந்தார்கள். அந்த உத்திகள் 1990களில் ‘யுரேகா’ என்ற பொதுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு குறிப்பையும் சக பணியாளர்கள் சரிபார்த்தார்கள். எழுதியவரின் பெயரும் உடன் இருந்தது. பகிரும் ஆர்வத்தைத் தந்தது அந்த அங்கீகாரமே.

மென்பொருள் வாங்கினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தால் தன் இடம் பறிபோகும் என்று ஊழியர் அஞ்சும் நிறுவனத்தில் அந்த மென்பொருள் காலியாகவே கிடக்கும்.