சீசியம்-137 பீட்டா நிறமாலையில் அந்தக் கூர்முகடு எங்கிருந்து வருகிறது?

அணுக்கரு எலெக்ட்ரானை உமிழும் பீட்டா சிதைவில் அந்த எலெக்ட்ரான்களின் ஆற்றல் தொடர்ச்சியாகப் பரவியிருக்க வேண்டுமே, சீசியம்-137-இல் 624 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அருகே முகடு ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த முகட்டில் இருப்பவை பீட்டா எலெக்ட்ரான்களே அல்ல. சீசியம் சிதைந்ததும் பெரும்பாலும் கிளர்வுற்ற பேரியம்-137 கிடைக்கிறது. இந்தக் கிளர்வுற்ற பேரியத்தின் அரை ஆயுள் சுமார் இரண்டரை நிமிடம். அதன் மிகை ஆற்றல் 661.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (இனி வரும் எண்களும் இதே அலகில்), வழக்கமாகக் காமா கதிராக வெளியேறும். ஏறத்தாழ பத்தில் ஒரு முறை மட்டும், அணுக்கரு அதை நேரடியாகத் தன் அணுவின் எலெக்ட்ரான் ஒன்றிடம், பெரும்பாலும் கே கூட்டில் (கருவுக்கு மிக அருகிலுள்ள எலெக்ட்ரான் அடுக்கில்) இருப்பதிடம், கொடுத்துவிடுகிறது. பேரியத்தின் கே கூட்டிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான பிணைப்பாற்றல் 37.4. கழித்துப் பாருங்கள், 624 வரும். அதற்கடுத்த எல் கூட்டிலிருந்து கிளம்பினால் 656 அருகே சிறு முகடு. குளிரூட்டிய சிலிக்கான் உணர்கருவியில் இரண்டும் தனித்தனியாகவே தெரியும். முதன்முறை பார்ப்பவருக்கு அது அழகான காட்சி.

காலியான கே இடம் நிரம்பும்போது 32 அருகே எக்ஸ் கதிர் வரும். சோடியம் அயோடைடு உணர்கருவியில் பதியும் காமா நிறமாலையின் இடது ஓரத்தில் தெரிவது அதுதான்.

காமா முதலில் பிறந்து, பிறகு எலெக்ட்ரானைத் தட்டிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இதற்குச் சான்று ஜெர்மானியம்-72: அதன் கரு 691 ஆற்றல் நிலையிலிருந்து அடிநிலைக்கு இறங்கும்போது இரண்டு நிலையிலும் கருவின் சுழற்சி (ஸ்பின்) பூஜ்யம். ஒற்றைக் காமா வரவே முடியாது. எலெக்ட்ரான் மட்டும் வருகிறது.