ரூட் பாஸ்வேர்டை ஷிப்ட் ஆட்களுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் மெயின்ஃப்ரேமில் இசட்/விஎம் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளின் மேல் லினக்ஸ் ஓடுகிறது. இரவு ஷிப்டில் இருப்பவர்கள் ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், லினக்ஸிலிருந்து இசட்/விஎம்முக்குக் கட்டளை அனுப்பும் விஎம்சிபி வழியாகச் சில விவரங்களும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு, கேட்கிறது. பாஸ்வேர்டைக் கொடுத்துவிடலாம் என்கிறார் மேலாளர். சரியா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரே பாஸ்வேர்டு பத்துப் பேர் கையில் இருந்தால், நள்ளிரவில் எதையாவது நிறுத்தியது யார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. இந்தத் தேவைக்காகத்தான் 1980 வாக்கிலேயே நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் சூடோவை எழுதினார்கள்; குறிப்பிட்ட ஆட்கள் குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் ரூட் அதிகாரத்தோடு ஓட்ட அனுமதிக்கும் நிரல் அது. அவரவர் பாஸ்வேர்டு போதும். யார், எப்போது, என்ன கட்டளை கொடுத்தார் என்பது லாகில் விழும்.

ஆனால் சூடோ போட்டாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்க முடியாது. யாருக்கு எந்தக் கட்டளை என்று சொல்லும் சூடோ விதியில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விஎம்சிபியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை மட்டும் எழுதினால், அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் தட்டலாம். உங்கள் லினக்ஸ், இசட்/விஎம்மின் கண்ணில், குறைந்த அதிகாரமுள்ள சாதாரண ஜி வகுப்பு யூசராகவே இருக்கட்டும். 'டிடாச்' என்றால் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் கழன்றுவிடும். 'லாகாஃப்' என்றால் முறையான ஷட்டவுன்கூட இல்லாமல் மொத்த லினக்ஸும் அப்படியே போய்விடும். அதனால் 'க்வெரி டைம்' என்பதுபோல வேண்டிய கட்டளையைக் கடைசிச் சொல்வரை எழுதுங்கள். நட்சத்திரக் குறி போட்டு வேலையைச் சுருக்கவே கூடாது. இடைவெளி உட்பட எதையும் அது உள்ளே விட்டுவிடும்.

சர்வீஸுக்கும் இதே கதைதான். 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்', பிறகு அந்த ஒரு சர்வீஸின் பெயர், அவ்வளவுதான். கூடவே 'ஸ்டேட்டஸ்' கட்டளையையும் சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம். அதற்கு ரூட்டே தேவையில்லை. தவிர, சிஸ்டம்சிடிஎல்லின் பழைய பதிப்புகளில் ஸ்டேட்டஸ் விவரம் நீளமாக இருந்தால், அதைப் பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' நிரல் ரூட் அதிகாரத்தோடு திறந்துகொள்ளும். அங்கே ஓர் ஆச்சரியக்குறியும் 'எஸ்ஹெச்' என்ற இரண்டு எழுத்தும் தட்டினால் ரூட் ஷெல், அதாவது ரூட்டாக எந்தக் கட்டளையும் தட்டக்கூடிய இடம், கைக்கு வந்துவிடும். விஐ எடிட்டரை சூடோவில் கொடுத்தாலும் இதே ஆபத்து உண்டு. ஏதாவது கான்ஃபிக் ஃபைலைத் திருத்த வேண்டுமென்றால், எடிட்டரை ரூட்டாக ஓட்டாமலே ஃபைலைத் திருத்தவிடும் சூடோஎடிட் கொடுங்கள்.

விதிகளை, அதற்கென்றே உள்ள வைசூடோ கட்டளையில் மட்டுமே எழுதுங்கள். இலக்கணம் தவறினால் அது அங்கேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஷிப்ட் ஆள் ஒருவரை உட்காரவைத்து 'சூடோ -எல்' தட்டச் சொல்லுங்கள். அவருக்கு அனுமதிக்கப்பட்ட கட்டளைகள் வரிசையாக வரும். அதில் 'ஆல்' என்ற சொல் கட்டளையின் இடத்தில் தெரிந்தால், அன்றே எடுத்துவிடுங்கள்.