தோல் பை தைக்க எந்த ஊசி, எந்த நூல்?

கேள்வி: வீட்டில் பெடல் மிஷினில் ஜாக்கெட், சுடிதார் தைத்து வருகிறேன். இப்போது ஆட்டுத்தோலில் சின்னக் கைப்பைகள் தைக்க ஆர்டர் வந்திருக்கிறது. கடைக்காரர் 20 நம்பர் நைலான் நூல் கொடுத்தார். 16-ஆம் நம்பர் ஊசியில் கோத்துத் தைத்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, அடிப்பக்கம் முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. தெரிந்த புரோக்கர் ஒருவர், "இந்த மிஷினில் தோல் ஓடாது, லெதர் மிஷின் வாங்கித் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. முதலில் அந்த 20 நம்பர் நூலை எடுத்து ஓரமாக வையுங்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும். நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40 நம்பர் நூல் என்றால் 40 மீட்டர் சுமார் 3 கிராம். 20 நம்பர் என்றால் 20 மீட்டரே 3 கிராம், அதாவது இரண்டு மடங்கு கனம். நீங்கள் தினமும் ஜாக்கெட்டுக்குப் போடுவது பெரும்பாலும் 120 நம்பர். 20 என்றதும் சின்ன நம்பர்தானே என்று தோன்றியிருக்கும். விற்றவராவது சொல்லியிருக்க வேண்டும்.

துணியில் ஊசி இறங்கினால் இழைகள் விலகி வழி விடும். தோலில் அப்படி விலக எதுவும் இல்லை. ஊசி போட்ட ஓட்டைதான் வழி. மேல் நூல், கீழ் நூல் இரண்டும் அதற்குள் போய், முடிச்சு தோலின் நடுவில் உட்கார வேண்டும். ஓட்டை சின்னதாக இருந்தால் முடிச்சு உள்ளே ஏறாமல் அடியிலேயே நிற்கும். உடனே எல்லோரும் மேல் நூலை இறுக்கும் டென்ஷன் திருகை முறுக்குவார்கள். முறுக்கினால் நூல் அறும். உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும்.

கைப்பைக்கு வரும் மெல்லிய ஆட்டுத்தோல் இரண்டு மடிப்புக்கு 40 நம்பர் நூலும் 18-ஆம் நம்பர் ஊசியும் போதும். பாக்கெட்டில் 110/18 என்று இருக்கும். 110 என்பது 1.1 மில்லிமீட்டர் தடிமன். இன்னும் நாசூக்கான வேலைக்கு 60 நம்பர் நூல், 16-ஆம் நம்பர் ஊசி. பாபினிலும் அதே நூல்தான். 20 நம்பர் நூலுக்கு 21-க்கு மேல் ஊசி வேண்டும். அதை உங்கள் மிஷினில் மாட்டினால் தட்டிலோ ஷட்டிலிலோ இடித்து உடையும்.

ஒரு முழம் நூலை ஊசியில் கோத்து, இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்து, ஒரு கையை மேலே தூக்குங்கள். ஊசி தன் கனத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் காது சின்னது, அடுத்த நம்பருக்குப் போங்கள்.

லெதர் ஊசி என்று கேட்டு வாங்குங்கள். நுனி குட்டிக் கத்தி மாதிரி பட்டையாக இருக்கும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தெரியும். பழைய ஊசி பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோய் அதிலுள்ள குறியீட்டோடு ஒப்பிடுங்கள். ஊசியின் மேல்பகுதி மாறினால் மிஷினில் சரியாக உட்காராது.

ஆனால் ரெக்சினுக்கு இந்த ஊசி ஆகவே ஆகாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பைகள் பாழாவது இதனால்தான். ரெக்சின் என்பது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். கத்தி நுனி அந்தத் துணியின் இழையை வெட்டிவிடும். பையில் கனம் ஏறியதும் தையல் ஓரமாகவே தபால் தலை கிழிகிற மாதிரி கிழியும். அதற்குச் சாதாரண உருண்டை நுனி ஊசிதான். தோல் பைக்குள் வைக்கும் துணி லைனிங்குக்கும் இதே கதை. லைனிங்கைத் தனியே சாதாரண ஊசியில் தைத்து முடித்துவிட்டு, தோலோடு சேர்க்கும் இடத்துக்கு மட்டும் ஊசியை மாற்றுங்கள். ஜிப் பட்டையை மெல்லிய ஆட்டுத்தோலோடு சேர்க்க உருண்டை நுனியே பெரும்பாலும் போதும்; கழிவுத் துண்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். முடிவில் ரிவர்ஸ் அடிக்காதீர்கள், அதே இடத்தில் மறுபடி ஊசி இறங்கினால் முதலில் போட்ட நூலையே வெட்டும். நூலை நீளமாக விட்டு, உள்பக்கம் இழுத்து முடிந்து, நுனியை லைட்டரால் லேசாகப் பொசுக்குங்கள்.

லேபிள் இல்லாத நூல் கோனை வாங்கவே வாங்காதீர்கள். மெல்லிய நூலைச் சுற்றி 40 என்று விற்கிறார்கள். சந்தேகம் வந்தால் நகைக்கடைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசில் 40 மீட்டரை வைத்துப் பாருங்கள். 2 கிராம்தான் வந்தால் அது 60 நம்பர் நூல். டெக்ஸ் என்று நேரான அளவு ஒன்று இருக்கிறது: 1000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அது. எண் ஏறினால் நூலும் தடிக்கும். இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். அடையாற்றில் 1948-லிருந்து தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஆம்பூர் தோல் செருப்பு வெளிநாடு போகிறது. ஆனால் நான் பார்த்த தையல் பயிற்சி வகுப்புகளில் மாதக்கணக்கில் பிளவுஸ் வெட்டச் சொல்லித் தருகிறார்கள், நூல் நம்பரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் புகுந்துகொள்கிறார்.

சட்டைக் கம்பெனி கழித்த மிஷினுக்குப் பெரிய மோட்டார் மாட்டி, பெயின்ட் அடித்து, "லெதர் மிஷின்" என்று தள்ளிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என்றைக்காவது கனத்த மாட்டுத்தோலுக்கு மிஷின் தேவைப்பட்டால் உங்கள் தோலையும் நூலையும் எடுத்துப் போங்கள். மோட்டாரைப் போடவிடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தோலை அழுத்திப் பிடிக்கும் உள் ஃபுட்டும் வெளி ஃபுட்டும் மாறி மாறி அடி வைக்க வேண்டும், ஊசியும் தோலோடு சேர்ந்து நகர வேண்டும். நகராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.

ஊசியை மட்டும் இரண்டு பாக்கெட்டாக வாங்குங்கள். தோலில் நுனி சீக்கிரம் மழுங்கும். தைக்கும்போது டப் டப் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.