மாடித் தோட்டத்துக்குத் தானியங்கி நீர்: பம்பும் வேண்டாம், டிரிப்பரும் வேண்டாம்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் திருச்சியில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. மொட்டை மாடியில் 64 பைகளிலும் தொட்டிகளிலும் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், சில பூச்செடிகள் வளர்க்கிறேன். இரண்டடி உயரச் செங்கல் மேடையில் 500 லிட்டர் டேங்க் வைத்து, கடைக்காரர் கொடுத்த 16 மி.மீ. குழாய், மணிக்கு 4 லிட்டர் சொட்டவிடும் பி.சி. டிரிப்பர்கள், பேட்டரி டைமர் ஆகியவற்றைப் பொருத்தினோம். முதல் பத்துப் பைகளில் சில நிரம்பி வழிகின்றன. கடைசி வரிசைக்கு ஒரு சொட்டும் போவதில்லை. டைமரும் சில நாள் திறக்கிறது, சில நாள் திறப்பதில்லை. கடைக்காரரைக் கேட்டால் அரைக் குதிரைத்திறன் பூஸ்டர் பம்பு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். சித்திரைக் கடைசியில் பன்னிரண்டு நாள் பெங்களூரில் மகள் வீட்டில் தங்கப் போகிறேன். எந்தப் பம்பு வாங்கலாம், எந்த டைமர் நல்லது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: அம்மா, பம்பு எதுவும் வாங்க வேண்டாம். தங்கள் மாடியில் பழுதான பொருள் எதுவும் இல்லை. அந்த இடத்துக்குப் பொருந்தாத பொருள்தான் இருக்கிறது.

நீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் கடைக்காரர்கள் சொல்லும் "ஒரு கிலோ பிரஷர்" கிடைக்கும். தாங்கள் இரண்டடி மேடையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறீர்கள். ஆனால் உயரத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது, நீர் வெளியே வரும் குழாய் நுனியிலிருந்து அளக்க வேண்டும். பையின் உயரமே ஓரடி. மீதி ஓரடி, அதாவது 30 செ.மீ. டேங்க் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் நீரின் உயரமும் சேர்ந்து 0.1 கிலோ அளவுக்கு அழுத்தம் வரும். நீர் இறங்க இறங்க அது 0.03 கிலோவுக்குக் குறைந்துவிடும். பி.சி. டிரிப்பர் என்பது உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வை வைத்து அழுத்தத்தைத் தானே சமன் செய்துகொள்ளும் வகை. அந்தச் சவ்வு ஒழுங்காக வேலை செய்யப் பொதுவாக அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை அழுத்தம் வேண்டும். அதற்குக் கீழே ஒன்று ஒழுகும், பக்கத்திலிருப்பது ஊமையாகிவிடும். கிணற்று மோட்டார் வைத்து ஏக்கர் கணக்கில் வாழைக்குப் பாய்ச்சுபவருக்கு அது அருமையான கருவி. வயலுக்கு வந்த சரக்கை அப்படியே பெட்டியில் மாற்றி "மாடித் தோட்ட கிட்" என்று விற்பவர், தங்கள் டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு முறையாவது கேட்டாரா?

டைமரின் கதையும் இதுதான். மலிவான டைமர்கள் பலவற்றில் சொலினாய்டு வால்வு இருக்கும். அது நீரின் அழுத்தத்தையே துணைகொண்டு திறந்து மூடுவது. அழுத்தம் இல்லாத இடத்தில் அது மனம்போனபடிதான் நடக்கும். சிறு மோட்டாரால் பந்தைத் திருப்பித் திறக்கும் பால் வால்வு வகை டைமருக்கு அழுத்தமே தேவையில்லை. வாங்கும்போது பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் பூச்சியம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்; கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். எந்த டைமர் என்ற கேள்விக்கு என் பதில் இவ்வளவே.

தாங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் முக்கியமானது. கத்திரி வெயிலில் 12 அங்குலப் பையில் காய்த்து நிற்கும் தக்காளி நாளுக்கு இரண்டு லிட்டர் கூடக் குடிக்கும்; மிளகாய்க்கு அதில் பாதி போதும். சராசரியாக ஒன்றரை லிட்டர் என்று வைத்தாலும் 64 பைகளுக்கு நாளுக்கு 96 லிட்டர். பன்னிரண்டு நாளுக்கு 1,152 லிட்டர். எவ்வளவு விலையுயர்ந்த பம்பும் டைமரும் இருந்தாலும் தங்கள் 500 லிட்டர் டேங்க் ஆறாம் நாள் காலையில் காலி. நீரைச் செடிக்குக் கொண்டுபோவதைப் பற்றி யோசித்த அளவுக்கு, நீர் இருக்கிறதா என்பதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆகவே முதலில் தேவையைக் குறையுங்கள். பைகளை நெருக்கி, நடுவில் நான்கு வரிசைகளாக அடுக்குங்கள்; வெளிப்பக்கப் பைகள் உள்பக்கப் பைகளுக்கு நிழலாகும். மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஒவ்வொரு பையின் மண் மேலும் இரண்டு அங்குலக் கனத்துக்குச் சருகோ தேங்காய் மட்டைத் துண்டுகளோ போடுங்கள். மேற்கு வெயில் படும் பைகளைச் சாக்கால் சுற்றிவிடுங்கள். கற்றாழை, துளசி போன்றவற்றை இந்தக் குழாயில் சேர்க்கவே வேண்டாம்; புறப்படும் நாளில் நன்றாக நனைத்து நிழலில் வைத்துவிட்டால் போதும். இவ்வளவும் செய்தால் 70 லிட்டரில் ஒரு நாள் ஓடிவிடும். பன்னிரண்டு நாளுக்கு 840 லிட்டர். படிக்கட்டு அறை மேல் வீட்டு உபயோகத்துக்கான டேங்க் ஒன்று இருக்குமே, அது 1,000 லிட்டராக இருந்தால், வீட்டில் ஆள் இல்லாத அந்த நாட்களில் அதிலுள்ள நீர் முழுவதும் செடிகளுக்கே.

இங்கேதான் என் பிடிவாதத்தைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், டைமர் விற்பவர்களுக்கு என்மேல் வருத்தமும் உண்டு. தொட்டிச் செடிக்கு நீரை நேரத்தால் அளப்பது தவறு, கொள்ளளவால் அளக்க வேண்டும். "காலையில் இருபது நிமிடம்" என்று டைமர் வைத்தால் அது எத்தனை லிட்டர் என்று யாருக்குத் தெரியும்? டேங்க் நிறைந்திருந்தால் ஓர் அளவு, பாதியானால் வேறு அளவு, வடிகட்டி அடைத்தால் இன்னொன்று. ஒரு குழாய் கழன்றுவிட்டாலோ டேங்க் முழுவதும் மாடியில் ஓடி, மழைநீர்க் குழாய் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். பம்பு வைத்திருந்தால் அது இன்னும் விரைவாக நடக்கும். மின்சாரம் போனால் எதுவுமே நடக்காது.

அதற்குப் பதில் நாள் பங்கு டிரம் ஒன்று வையுங்கள். மூடியுள்ள 100 லிட்டர் நீல டிரம் போதும். நான்கடி உயர இரும்பு நிலைச்சட்டத்தில் அதை நிறுத்துங்கள். கைப்பிடிச் சுவர் மேல் மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். நூறு கிலோ எடை அது, கீழே தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். மேல் டேங்கிலிருந்து வரும் குழாயில் பால் வால்வு டைமர். அதைத் தாண்டி டிரம்முக்குள் ஒரு மிதவை வால்வு. 70 லிட்டர் ஏறியதும் மூடிக்கொள்ளும்படி மிதவையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். டிரம்மின் அடியிலிருந்து புறப்படும் குழாய் எப்போதும் திறந்தே இருக்கும். அதற்கு வால்வும் வேண்டாம், நேரமும் வேண்டாம். காலையில் டைமர் பத்து நிமிடம் திறக்கும், டிரம் நிறையும், மூடும். அதன்பின் அந்த நீர் ஒரு மணி நேரத்தில் இறங்கினாலும் சரி, இரண்டு மணி நேரத்தில் இறங்கினாலும் சரி, செடிகளுக்குப் போவது அன்றைய பங்கு மட்டுமே. நிறைந்துகொண்டிருக்கும்போதே கீழேயும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் பங்குக்கு மேல் கூடுதலாகப் போகும். ஒரு நாள் ஓடவிட்டு மேல் டேங்கில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து மிதவையை அதற்கேற்பத் தாழ்த்திக்கொள்ளலாம். ஒரு குழாய் கழன்றாலும் இழப்பு ஒரு நாள் நீர்தான். மறுநாள் நீர் மேலே பத்திரமாக இருக்கும். அந்தப் பழைய 500 லிட்டர் டேங்கில் ஆடிக்குப் பிறகு மழைநீர் பிடியுங்கள்.

இனி டிரிப்பர். அதையும் கழற்றிவிடச் சொல்கிறேன். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்த இஸ்ரேலியப் பொறியாளர் சிம்கா பிளாஸ், நீரைச் சொட்டாக்குவதற்கு ஊசித்துளையை நம்பவில்லை. துளை சிறிதானால் அடைத்துக்கொள்ளும் என்பதால் வழியை நீளமாக்கி, உராய்விலேயே நீரின் வேகத்தைத் தணித்தார். ஹட்செரிம் என்ற கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் கிராமத்தில், 1965இல் தொடங்கிய நெட்டாஃபிம் நிறுவனம் அந்த அடிப்படையில் வளர்ந்ததுதான். பம்பு இல்லாத மாடிக்கு அந்த யோசனையின் எளிய வடிவமே போதும்: உள்விட்டம் 1.2 மி.மீ. உள்ள கறுப்பு மைக்ரோ டியூப். ஒரு மீட்டர் நீளத் துண்டு, ஒரு மீட்டர் உயரத்தில் நீர் நின்றால், மணிக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் விடும். நீளத்தை இரட்டித்தால் பாதியாகும். பாதியாக வெட்டினால் கிட்டத்தட்ட இரட்டிக்கும். கத்தரிக்கோல் ஒன்றே தங்கள் கட்டுப்பாட்டுக் கருவி. கடையில் 4 மி.மீ. டியூபைத் தந்து "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். ஒன்றல்ல; விட்டம் மூன்று மடங்கு ஆனால் ஓட்டம் பல பத்து மடங்காகும், முதல் நான்கு பைகளே டிரம்மைக் குடித்துவிடும். இந்த மெல்லிய டியூபில் இன்னொரு குணமும் உண்டு: நீர் சூடாகச் சூடாக இளகுவதால், 25 டிகிரியில் ஓடுவதைவிட 40 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஓடும். நேரத்தால் அளப்பவருக்கு அது தலைவலி; பங்கால் அளக்கும் நமக்குக் கவலை இல்லை.

எல்லாப் பைகளுக்கும் சமமாகப் போக மூன்று காரியங்கள். டியூபின் நுனிகள் முடிந்தவரை ஒரே மட்டத்தில் இருக்கட்டும். உயரமான தொட்டிக்குக் குட்டையான டியூப், தாழ்ந்த பைக்கு நீளமானது. மழைநீர் வடிய மாடித் தளத்தில் சரிவு கொடுத்திருப்பார்கள். பத்து மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு செ.மீ. வரும். 30 செ.மீ. உயரத்தில் ஓடும் நீருக்கு அது மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம், அதனால்தான் தங்கள் கடைசி வரிசை காய்ந்தது என்று நினைக்கிறேன். டிரம்மை உயர்த்தியபின் அது பெரிய விஷயமாக இருக்காது. 16 மி.மீ. குழாயைத் தரையோடு படிய விடுங்கள். ஒரு பையின்மேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் மேடான வளைவில் காற்று அடைத்துக்கொள்ளும். பம்பு அழுத்தம் அந்தக் காற்றைத் தள்ளிவிடும், நம் அழுத்தம் தள்ளாது. முதல் நாள் குழாயின் கடைசி முனையைத் திறந்துவிட்டு, காற்றும் அழுக்கும் போனபின் மூடுங்கள்.

வடிகட்டி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்ணுள்ள வலை) ஸ்கிரீன் ஃபில்டர், ஓரங்குல அளவு, டிரம்முக்குக் கீழே. அரை அங்குல ஃபில்டர் மலிவு, ஆனால் சற்றே அழுக்குப் படிந்தாலும் இருக்கும் கொஞ்ச அழுத்தத்தையும் தின்றுவிடும். பஞ்சகவ்யம், மீன் அமிலம், ஜீவாமிர்தம் எதையும் டிரம்மில் கலக்க வேண்டாம். அவை நல்ல பொருள்கள்தான், குவளையால் வேரில் ஊற்ற வேண்டியவை. டிரம் மூடியில் இடைவெளி இருந்தால் கொசுவலை கட்டுங்கள். ஆளில்லாத மாடியில் திறந்த நீர் டெங்குக் கொசுவுக்கு நாம் கட்டிக்கொடுக்கும் வீடு.

பைகளில் என்ன கலவை என்று தாங்கள் எழுதவில்லை. வெறும் தேங்காய் நார்த்தூளாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. அது ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சொட்டும் நீரை உடனே ஏற்காமல் போகலாம். டியூபிலிருந்து விழும் நீர் ஒரே கோடாக இறங்கி அடியில் ஒழுகிவிடும், வேர் காய்ந்தே இருக்கும். புறப்படுவதற்கு முந்தைய இரு நாட்களும் கையால் இருமுறை நனையுங்கள். அடுத்த பருவத்துக்குச் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் சம பங்கு சேருங்கள். யூடியூபில் பார்த்துவிட்டு, தலைகீழாகச் செருகிய பாட்டிலை நம்பிச் சிலர் ஊருக்குப் போகிறார்கள். அது ஒன்று அரை மணியில் காலியாகும், இல்லையென்றால் பன்னிரண்டு நாளும் அப்படியே நிற்கும்.

என் மாடியில் ஒரு கோடையில் நடந்ததையும் சொல்கிறேன். ஐந்து நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்தால் ஏழு டியூப்கள் துண்டாகிக் கிடந்தன. கடித்தது அணில், தாகத்துக்குத்தான் கடித்திருக்கிறது. பங்கு டிரம் இருந்ததால் ஏழு பைகளின் செடிகள் மட்டும் வாடின. இப்போது டிரம்முக்கு அடியில் அகன்ற மண் சட்டி ஒன்று வைத்து, அதற்கும் ஒரு டியூப் விட்டிருக்கிறேன். தாங்களும் விடுங்கள், தினமும் புது நீர் வழிந்து மாறிக்கொண்டே இருந்தால் அதில் புழு வைப்பதும் குறையும். பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது மூன்று நாளுக்கு ஒரு முறை மாடி ஏறிப் பார்க்கும்படியும் சொல்லிவையுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் பொருத்தி, வீட்டில் இருந்துகொண்டே மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். டைமருக்குப் புது பேட்டரி போடுங்கள். முதல் பை, நடுப் பை, கடைசிப் பை மூன்றின் டியூப்களையும் மண் மட்டத்திலேயே ஆளுக்கொரு டம்ளருக்குள் விட்டு, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளக்க வேண்டும். கடைசி டம்ளரில் முதலாவதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், கடைசி வரிசை டியூப்களை விரல் அளவு விரல் அளவாக வெட்டிக்கொண்டே வாருங்கள். அந்த மூன்று டம்ளர் அளவுகளையும் எனக்கு எழுதுங்கள்.