பழைய மீன் தொட்டி வாங்குகிறீர்களா? அந்த அழுக்கு ஸ்பாஞ்சைக் கழுவாதீர்கள்

தெரிந்தவர் ஒருவர் வீடு மாறுவதால் தன் 2 அடி மீன் தொட்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறார், கூடவே ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், ஹீட்டர், சரளைக்கல், 6 கப்பி மீன்கள். தொட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மீன்களோடு நீர்ச்செடிகளும் வளரும் செடித் தொட்டியாக மாற்ற ஆசை, கையில் காசு அதிகம் இல்லை. எல்லாவற்றையும் நன்றாகக் கழுவிப் புதிதாக ஆரம்பிக்கலாமா, எதில் செலவு செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்குக் கிடைக்கிற பொருள்களிலேயே விலைமதிப்பானது அந்தக் கறுத்துப்போன ஸ்பாஞ்ச்தான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும், உங்களுக்கோ சும்மாவே கிடைக்கிறது. ஆனால் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அதைக் கொன்றுவிடும், காய்ந்துபோனாலும் செத்துவிடும். ஆரம்ப காலத்தில் நான் ஒரு ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை பிழிந்து கழுவினேன். மூன்றாம் நாள் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, இரண்டு செத்தும் போயின. ஸ்பாஞ்சை அலசியே ஆக வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை மெல்லப் பிழிந்தால் போதும்.

எடுத்து வரும் நாளில் இரண்டு மூடி போட்ட வாளிகள் கொண்டுபோங்கள். ஒன்றில் தொட்டித் தண்ணீரோடு மீன்கள், இன்னொன்றில் அதே தண்ணீரில் ஸ்பாஞ்ச். தண்ணீரோடு தொட்டியைத் தூக்கவே தூக்காதீர்கள், 60 × 30 × 36 செ.மீ. தொட்டியில் தண்ணீர் மட்டுமே 65 கிலோ வரை வரும், தூக்கும்போது கண்ணாடி துளி வளைந்தாலும் ஒட்டு விட்டுவிடும். வீட்டுக்கு வந்ததும் மீன்களை ஒரு பெரிய வாளிக்கு மாற்றி, அந்த ஸ்பாஞ்சையே போட்டு ஏர் பம்பை ஓடவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று நாள் தாராளமாக இருக்கும், பாக்டீரியாவும் பிழைத்துக்கொள்ளும்.

அந்த இரண்டு நாளில் தொட்டியைச் சோதியுங்கள். சமமான தரையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்து, ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பங்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முழுக்க நிரப்பி 48 மணி நேரம் விடுங்கள், ஒரு சொட்டுக் கசிந்தாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். மூலைகளைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். உள்பக்க சிலிக்கான் ஓரம் நகத்தால் தள்ளினால் உரிகிறது என்றால், பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானைப் புதிதாகப் போட வேண்டும், பழைய சிலிக்கான்மேல் புதியது ஒட்டாது. ஆனால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் ஒட்டிலேயே நீளமாகக் காற்றுக் குமிழ்கள் தெரிந்தால் அந்தத் தொட்டி வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும். வெள்ளைக் கறைக்கு வினிகர் தடவி ஊறவிட்டுத் தேயுங்கள், சோப்பு எந்த இடத்திலும் கூடாது. இன்னொன்று, வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும்.

தொட்டியின் பழைய சொந்தக்காரரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது, மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து எப்போதாவது ஊற்றினாரா என்பது. ஊற்றியிருந்தால் இறால், நத்தை வளர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இப்போது அடித்தளம். செடித் தொட்டி என்றதும் பலரும் தோட்ட மண் போடச் சொல்வார்கள், அது நல்ல முறைதான், ஆனால் ஆரம்ப வாரங்களில் மண் அம்மோனியாவைக் கக்கும், உங்களிடமோ மீன்கள் வாளியில் காத்திருக்கின்றன. அதனால் மண் வேண்டாம். இருக்கிற சரளைக்கல்லையே பழைய தண்ணீரில் அலசிப் போடுங்கள். மண்ணில் ஊன்றத் தேவையில்லாத செடிகளாகப் பார்த்து வாங்குங்கள்: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டினாலே போதும், அவற்றின் தடித்த கிடைத்தண்டைச் சரளைக்குள் புதைத்தால் அழுகிவிடும். அப்புறம் ஹார்ன்வொர்ட் ஒரு பெரிய பிடி, மிதக்கவிட்டால் போதும், வேகமாக வளரும்போது அம்மோனியாவையும் உறிஞ்சிக்கொள்ளும், பாசிக்கும் இடம் தராது. வேரூன்றி வளரும் கிரிப்டோகரைன் செடிமேல் ஆசையாக இருந்தால் சரளையில் ஊன்றி வேரடியில் ஓர் உர மாத்திரை வையுங்கள். முதல் வாரத்திலேயே அதன் இலைகள் கரைந்து கூழாகிவிடலாம், பயந்து பிடுங்காதீர்கள், வேர் உயிரோடுதான் இருக்கும், சில வாரத்தில் புது இலை விடும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், விலை உயர்ந்த விளக்கு எதுவும் இந்தச் செடிகளுக்கு வேண்டாம். வீட்டில் எரியும் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி விளக்கே போதும், தினமும் 6 மணி நேரத்தில் தொடங்குங்கள். நேரத்தை நம் ஞாபகத்துக்கு விடாமல் ஒரு டைமர் வாங்கிவிடுங்கள், பாசித் தொல்லையில் பாதி அதிலேயே குறையும்.

காசை எதில் போடுவது என்றால், குளோரின் நீக்கும் மருந்தில், அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட்டில். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பாதிதான் உண்மை, தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் அது அப்படிப் போகாது. பழைய ஹீட்டரில் கண்ணாடிக்கு உள்ளே ஈரம் கோத்திருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். நல்லதாக இருந்தாலும் பிளக்கைக் கழற்றி 20 நிமிடம் ஆறவிட்ட பிறகுதான் தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டும். ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே திரும்பி வராது.

எல்லாம் வைத்து முடித்து, குளோரின் நீக்கிய தண்ணீரை ஒரு தட்டின்மேல் மெதுவாக ஊற்றி நிரப்பி, ஸ்பாஞ்சையும் மீன்களையும் அன்றே விடலாம். இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ துளி காட்டினாலும் கால்வாசித் தண்ணீரை மாற்றி, தீனியைப் பாதியாகக் குறையுங்கள். வேறு மீன் எதுவும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்த ஆறில் ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் ஹார்ன்வொர்ட் இடுக்குகளில் கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள் ஒளிந்துகொண்டிருக்கும், அவற்றுக்கும் இடம் வேண்டும் இல்லையா.