கொண்டோ நிர்வாகக் கழகம்: கேட்டவையும் என் பதில்களும்

சிங்கப்பூரில் ஒரு நடுத்தர அளவுள்ள கொண்டோமினியத்தின் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின்) நிர்வாக மன்றத்தில், அதாவது வீட்டு உரிமையாளர் அனைவரும் சேர்ந்த நிர்வாகக் கழகத்தின் சார்பில் செயல்படும் குழுவில், பதினோரு ஆண்டுகள் இருந்து, சென்ற ஆண்டு ஓய்வுபெற்றேன். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் 2004ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, ஸ்ட்ரேட்டா (தனித்தனி உரிமையாளர்களைக் கொண்ட அடுக்குமாடி) நிர்வாகச் சட்டத்தோடு அன்றாடம் மல்லுக்கட்டியவன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வாய்மொழியாக யாரிடமும் எதற்கும் அனுமதி வாங்காதீர்கள்.

பிடோக் வாசகர்: மேல் வீட்டிலிருந்து எங்கள் குளியலறைக் கூரையில் நீர் கசிகிறது. மேல் வீட்டுக்காரர் தம் வீட்டில் கசிவே இல்லை என்கிறார். நிர்வாகக் கழகமோ அது இரு வீட்டாரின் விவகாரம் என்று ஒதுங்கிவிட்டது. நான் யாரைப் பிடிப்பது?

இங்கே சட்டம் உங்கள் பக்கம் சாய்ந்தே நிற்கிறது. உங்கள் வீட்டுக் கூரையில் ஈரமோ கசிவோ காணப்பட்டால், கோளாறு அதற்கு நேர் மேலே உள்ள வீட்டில், அல்லது மேலே இருப்பது பொதுச் சொத்தாயின் அந்தப் பொதுச் சொத்தில் இருக்கிறது என்றே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, கொள்ளவேண்டும் என்பது 101ஆம் பிரிவின் ஏற்பாடு. ஆகவே கசிவின் மூலத்தைத் தேடி ஆய்வாளருக்குச் செலவழிக்கும் பாரம் முதலில் உங்கள் தலையில் விழுவதில்லை. 'என் வீட்டில் இல்லை' என்பவர்தான் அதைக் காட்டவேண்டும். தேதியுடன் படங்கள் எடுத்து, மேல் வீட்டாருக்கும் கழகத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். மேலே இருப்பது மொட்டைமாடியோ பொதுத் தளமோ என்றால் கழகம் ஒதுங்கவே முடியாது, ஏனெனில் பொதுச் சொத்தைப் பழுதின்றி வைத்திருப்பது அதன் கடமை. கடிதத்துக்குப் பலன் இல்லையெனில், இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் ஸ்ட்ரேட்டா டைட்டில்ஸ் போர்டுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே விசாரணைக்கு முன் சமரசப் பேச்சு நடக்கும், பெரும்பாலான கசிவுச் சண்டைகள் அந்த மேசையிலேயே ஓய்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஈசூன் வாசகர்: எங்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் மின்தூக்கி அடிக்கடி நின்றுவிடுகிறது. எந்தப் பிரிவின்படி கேட்பது?

உங்கள் நகர மன்றத்தைக் கேளுங்கள். இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது.

செங்காங் தாயார்: இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. சன்னலுக்குக் கம்பி போட விண்ணப்பித்தேன். கட்டடத்தின் தோற்றம் கெடும் என்று மறுத்துவிட்டார்கள்.

அடியோடு மறுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. குழந்தைகளுக்கு ஆபத்து நேராமல் தடுக்கும் அமைப்பை வீட்டுக்காரர் பொருத்திக்கொள்வதை சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட துணை விதிகளே அனுமதிக்கின்றன. வேலை செம்மையாக இருக்கவேண்டும், கட்டடத்தின் மற்றப் பகுதிகளோடு தோற்றம் ஒத்துப்போகவேண்டும், அவ்வளவுதான். எனவே 'எந்த வடிவமைப்பை ஏற்பீர்கள்?' என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு 'எதையும் ஏற்கமாட்டோம்' என்று எழுத்தில் பதில் தர எந்த மன்றமும் தயங்கும்.

பாசிர் ரிஸ் வாசகர்: வெளிநாட்டில் இருப்பதால் என் வீட்டைப் பயணிகளுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடலாமா?

கூடாது. தனியார் வீட்டுக்குக் குறைந்தபட்ச வாடகைக் காலம் தொடர்ச்சியாக மூன்று மாதம். கழகமே சம்மதித்தாலும் சட்டம் சம்மதிக்காது.

சிறு வீட்டுக்காரர்: என் வீடு 45 சதுர மீட்டர். எதிர் வீடு 180. நான்கு மடங்கு பெரிய வீட்டுக்காரர் என்னைவிட ஒன்றரை மடங்கு சொச்சம்தான் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார். இது பகல் கொள்ளை இல்லையா?

கணக்கைப் பார்ப்போம். கட்டணம் பரப்பளவை நேரடியாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு மதிப்பு என்ற எண்ணைப் பார்க்கிறது. குடியிருப்புகளுக்கான வழிகாட்டியின்படி 50 சதுர மீட்டர் வரை 5 பங்கு, அதன்பின் ஒவ்வொரு 50 சதுர மீட்டருக்கும் ஒரு பங்கு கூடும். ஆக உங்களுக்கு 5, அவருக்கு 8. ஒரு பங்குக்கு 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் நீங்கள் 300, அவர் 480. பாதுகாவலருக்கும் நீச்சல் குளத்துக்கும் ஆகும் செலவு வீட்டின் பரப்பளவுக்கு ஏற்பக் கூடுவதில்லை என்பதே இதன் நியாயம்.

பெரிய வீட்டுக்காரர்: அந்த எதிர் வீடு நான்தான் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டே பேர். அந்தச் சிறு வீட்டில் மூன்று வாடகைதாரர்கள். நாங்கள் ஏன் 180 வெள்ளி கூடுதலாகக் கட்டவேண்டும்?

இருவரும் ஒரே கயிற்றை இரு பக்கமிருந்து இழுக்கிறீர்கள். தலையை எண்ணிக் கட்டணம் வாங்க வழியில்லை. பங்கு மதிப்பும் பொதுக்கூட்டத்தில் கை தூக்கி மாற்றிவிடக்கூடிய எண் அல்ல.

சிறு வீட்டுக்காரர்: பரப்பளவின்படி மாற்றவேண்டும் என்றே இன்னமும் சொல்கிறேன்.

அப்படியானால் இதையும் கேளுங்கள். கை தூக்குவதற்குப் பதிலாக முறையான வாக்கெடுப்பு கோரப்பட்டால் வாக்குகளும் பங்கு மதிப்பின்படியே எண்ணப்படும். இன்று நீங்கள் இரண்டு வீட்டார் சேர்ந்தால் 10, அவர் 8. நீங்கள் கேட்கும் பரப்பளவுக் கணக்கில், உங்களைப் போன்ற நான்கு வீட்டார் சேர்ந்தால்தான் அவர் ஒருவருக்கு ஈடாவீர்கள். கட்டணத்தைக் குறைக்கச் சொல்பவர் தம் வாக்கையும் சேர்த்தே குறைக்கச் சொல்கிறார். பதினோரு ஆண்டுகளில் இந்தக் குறையோடு என்னிடம் வந்த எவரும் இந்தப் பக்கத்தை யோசித்திருக்கவில்லை.

தெம்பனிஸ் வாசகர்: எங்கள் கூரையிலும் மேல் வீட்டு நீர் கசிகிறது...

பிடோக் வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

புக்கிட் தீமா வாசகர்: குளம் ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் வரை கட்டணம் கட்டுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

முடிவை மாற்றிக்கொள்ளுங்கள். குளத்தைச் சீராக்குவது கழகத்தின் கடமைதான். ஆனால் அந்தக் கடமை தவறியது உங்கள் கட்டணக் கடனைத் தீர்த்துவிடாது. எழுத்துமூலம் கேட்டு 14 நாளாகியும் தக்க காரணமின்றிக் கட்டாதிருப்பது குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. நிலுவைக்காக உங்கள் வீட்டின் மீது பொறுப்புப் பதிவு (கடனுக்கு வீட்டையே ஈடாக்கும் பதிவு) செய்யவும், முற்றினால் விற்கவும்கூடக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு. இதைவிட முட்டாள்தனமான விளைவு ஒன்றிருக்கிறது: நிலுவை வைத்திருப்பவர் சாதாரணத் தீர்மானத்தில் (பெரும்பான்மை வாக்கே போதுமான தீர்மானத்தில்) வாக்களிக்க முடியாது. குளத்துக்காகச் சண்டை போடப் புறப்பட்டவர் தம் வாயைத் தாமே கட்டிக்கொள்கிறார்.

பெயர் வேண்டாம் என்றவர்: மின்தூக்கிக்கு முன்னுள்ள இடத்தைக் கதவு போட்டு என் வீட்டோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் தொலைபேசியில் சொன்னார்.

இந்தப் பக்கத்தின் முதல் பத்தியைப் படிக்கவும். பொதுச் சொத்தை உங்களுக்கு மட்டும் ஒதுக்கத் தலைவருக்கு அதிகாரம் இல்லை. ஓராண்டு வரை சாதாரணத் தீர்மானம், மூன்றாண்டு வரை முக்கால் பங்கு வாக்கு வேண்டிய சிறப்புத் தீர்மானம், அதற்கும் மேல் 90 விழுக்காட்டுத் தீர்மானம் வேண்டும். கதவை வாங்கிவிட்டீர்களா?

பூன் லே வாசகர்: மேல் வீட்டு நீர்க்கசிவு...

மேலே பார்க்கவும். மேலே என்றால் இந்தப் பக்கத்தின் மேலே.

சிறு வீட்டுக்காரர்: சரி, வாக்கு விஷயம் புரிந்தது. ஆண்டுக் கூட்டத்துக்குச் சென்றமுறை சொற்பம் பேரே வந்தார்கள், ஆனாலும் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அது செல்லுமா?

செல்லும். மொத்தப் பங்கு மதிப்பில் 30 விழுக்காடு வேண்டும் என்பது விதி. ஆனால் அரை மணி நேரம் காத்திருந்தும் சேரவில்லையென்றால் வந்திருப்பவர்களே போதும். உங்கள் குறையின் உண்மையான ஊற்று இதுதான். வர முடியாத அண்டை வீட்டாரிடம், அவர்கள் சார்பில் நீங்கள் வாக்களிக்கப் பதிலாள் படிவம் வாங்குங்கள். 2019 முதல் ஒருவர் இரண்டு வீட்டாருக்கு, அல்லது மொத்த வீடுகளில் 2 விழுக்காட்டுக்கு, எது அதிகமோ அதுவரை பதிலாளாக இருக்கலாம். கை தூக்கும் வாக்கில் தோற்றால் வாக்கெடுப்பு கோருங்கள். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே உங்கள் 300 வெள்ளியைக் கட்டி, ரசீதைக் கையில் வைத்திருங்கள்.