பிளஸ் டூவை விட்டுவிட்டு ஆல்பமா?

வணக்கம்மா. நீங்கள் அனுப்பிய பாட்டை நான்கு தடவை கேட்டேன். சின்னவன் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுகிறான். பாட்டு தொடங்குமுன் அக்கா மெல்ல "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவதுகூடப் பதிவாகியிருக்கிறது. பிள்ளைகளிடம் விஷயம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆல்பம் போடலாம் என்று காசிமேட்டுக்கே தேடி வந்தவர் ஹான்சன் சகோதரர்களைக் காட்டி அவசரப்படுத்துவதாகவும், அதற்காகப் பெரியவன் பிளஸ் டூ பரீட்சையை விட்டுவிடலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் அமெரிக்காவின் டல்சா ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்த இசைக்குழு. 1997 மே மாதம் அவர்களைப் பிரபலமாக்கிய 'மிடில் ஆஃப் நோவேர்' ஆல்பம் வந்தபோது டிரம்ஸ் வாசித்த கடைக்குட்டிக்கு வயது 11. ஆனால் பெரிய கம்பெனியில்தான் அது முதல் ஆல்பம். 1995, 1996 என்று இரண்டு ஆல்பங்களைச் சொந்தமாகவே போட்டுவிட்டுத்தான் அங்கே போனார்கள். பேர் வாங்கித் தந்த 'ம்ம்ம்பாப்' பாட்டே அந்த 1996 ஆல்பத்தில் மெதுவான நடையில் இருந்ததுதான். அப்புறம் கம்பெனியோடு ஒத்துப்போகாமல் 2003-இல் சொந்தமாகவே ஒரு பாட்டுக் கம்பெனி தொடங்கினார்கள்.

அதனால் பெரியவன் பரீட்சையை விட வேண்டாம். பாட்டுகளை மிக்ஸ் செய்வது அவன்தான் என்கிறீர்கள். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு பிளஸ் டூ வேண்டும். மார்ச் முடியட்டும், கோடை விடுமுறையில் பாட்டு பாட்டாக வெளியிடட்டும்.

இப்போது, அவர் உங்களிடம் கையெழுத்துக் கேட்கும் ஒப்பந்தம். 18 வயது ஆகாதவர் போடும் கையெழுத்து செல்லாது, அதனால்தான் உங்களிடம் வருகிறார்கள். ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கினால் மீனை அவருக்கே போட வேண்டும் என்பது உங்கள் வீட்டில் தெரியாததா? ஆல்பத்துக்கு வாங்கும் அட்வான்சும் அப்படித்தான். எத்தனை வருஷம், எத்தனை பாட்டு, வெளியே கச்சேரி பாடலாமா, இதையெல்லாம் எண்ணிப் பாருங்கள். பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவதால் வரும் பணத்தில், கம்பெனியோடு சரிபாதி உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, அதை வேண்டாம் என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. உங்கள் பெண்தான் பாட்டு எழுதுகிறாள். அவள் பெயர் அந்தத் தாளில் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

சின்னவனுக்கு இன்னும் 14 ஆகவில்லை. வீடியோ எடுத்தால் ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் அவனை வைத்திருக்கக் கூடாது. அவன் சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதம் அவன் பெயரில் வங்கி டெபாசிட்டாகப் போக வேண்டும். இரண்டும் சட்டம், தயங்காமல் கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "படிச்சுட்டுச் சொல்றோம்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். மறுநாளே அங்கே போய்க் காட்டுங்கள்.